தோற்ற வகுப்பின் கணக்கு

புதிய ஆசிரியர் லக்ஷ்மிராம் நான்காம் வகுப்புக்குள் நுழைகிறார். மனதில் பக்காவான திட்டம். முதலில் பிள்ளைகளை மௌனமாக உட்காரவைப்பது, மற்றவை பிறகு. ஆனால் அவர் அமைதி கேட்க, கிடைப்பது கூச்சல். கடைசியில் அனைவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தலைமையாசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறார்.

1930களின் தொடக்கத்தில் கிஜுபாய் பதேகா குஜராத்தியில் எழுதிய ‘திவாஸ்வப்ன’ (பகற்கனவு) கதையில் வரும் காட்சி இது. கிஜுபாய் அடிப்படையில் வக்கீல். மகன் பிறந்த பிறகு குழந்தைகளின் கல்வி பற்றிய கவலை தொற்றிக்கொள்ள, கறுப்புக் கோட்டைக் கழற்றினார். 1920இல் பாவ்நகரில் பால மந்திரைத் தொடங்கினார். வகுப்பறையின் சத்தம் அவருக்குக் கேள்விஞானம் அல்ல.

கதையில் கவனிக்க வேண்டியது அன்றைய தோல்வி அல்ல. அதன் பிறகு லக்ஷ்மிராம் என்ன செய்கிறார் என்பதுதான். ‘அடங்காத பிள்ளைகள்’ என்று சொல்லிவிட்டுப் பிரம்பைத் தேடியிருக்கலாம். பெரும்பாலான ஆசிரியர்களின் அன்றைய யோசனை (ஏன், இன்றையதும்) அங்கேயே முடிந்துவிடும். இவரோ தன் திட்டத்தையே சந்தேகிக்கிறார். முன்பின் தெரியாத ஒருவர் வந்து கேட்டதும் பிள்ளைகள் ஏன் மௌனமாக இருக்க வேண்டும்? மறுநாள் கதை சொல்லத் தொடங்குகிறார். கேட்காமலே வகுப்பு அடங்குகிறது.

சிந்தனை தடுமாற்றத்தில்தான் பிறக்கிறது என்று அமெரிக்கத் தத்துவவாதி ஜான் டூயி 1910இலேயே எழுதினார். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் நிற்பவர்தான் யோசிப்பார். தடுமாறவே இல்லை என்று சாதிப்பவருக்கு யோசிக்க எதுவும் இல்லை. இருபது வருட சர்வீஸ் என்பது சிலருக்கு ஒரே வருடத்தை இருபது முறை ஓட்டியதாக இருப்பது இதனால்தான்.

2015இல் பி.எட். படிப்பு இரண்டு வருடமானபோது, தன் வகுப்பைத் தானே அசைபோட்டு எழுதும் பழக்கமும் பயிற்சியில் முக்கிய இடம் பிடித்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் அந்த நோட்டுக்கு மார்க் உண்டு என்றால்? மார்க் போடுகிறவரிடம் ‘இன்று வகுப்பு என் கையை மீறிவிட்டது’ என்று எழுதிக் கொடுக்க எந்த மாணவ ஆசிரியருக்குத் துணிச்சல் வரும்? ‘மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர்’ என்ற வரி யாருக்கும் ஆபத்தில்லாதது. யாருக்கும் பயனில்லாததும்கூட.

உண்மையான குறிப்புக்கு அரைப் பக்கம் போதும். எதை எதிர்பார்த்தேன், என்ன நடந்தது, எந்த இடத்தில் பிள்ளைகளின் கண்கள் ஜன்னலுக்குப் போயின, நாளை எந்த ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். அதை மேலதிகாரி படிக்காமல் இருப்பது உத்தமம். படித்தே ஆக வேண்டுமென்றால், தோல்வியைப் பார்த்துப் பதறாதவராக இருக்க வேண்டும். லக்ஷ்மிராமுக்கு அப்படி ஒரு கல்வி அதிகாரி வாய்த்தார். பரிசோதனை செய்ய ஒரு முழு வருடம் கொடுத்தார். அதுவும் கதையில்தான்.