பாடத்தில் இல்லாத இருவர்

ரஷ்ய நாடகம் படிக்கப் பல்கலைக்கழகம் போனால் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி, மேயர்ஹோல்ட், செகாவ் என ஆண்களின் வரிசையே முன்னால் நிற்கிறது. பெண்கள் அவர்களுடைய பாத்திரங்களாகவும் நடிகைகளாகவும் வந்துபோகிறார்கள்.

இணையத்தில் காதல் காட்டித் தீவிரவாதிகள் சிரியாவுக்கு இழுத்த ரஷ்யப் பெண்களைப் பற்றி ஸ்வெத்லானா பெத்ரிய்சுக் எழுதி, ஷென்யா பெர்கோவிச் இயக்கிய நாடகம் 'ஃபினிஸ்ட், ஒளிரும் வல்லூறு'. 2022இல் அதற்குத் தங்க முகமூடி விருது கிடைத்தது. 2023 மே மாதம், பயங்கரவாதத்தை நியாயப்படுத்தியதாக இருவரும் கைதானார்கள். வழக்கின் நிபுணர் அறிக்கை அதில் தீவிரப் பெண்ணியமும் இருப்பதாகச் சொன்னது. 2024 ஜூலையில் ஆளுக்கு 6 ஆண்டு சிறை.

சமகால அரசியல் வகுப்பில் வேண்டாமாம். 1940இல் மேயர்ஹோல்டை அரசு சுட்டுக் கொன்றது பாடமாகலாம், இந்தப் பெண்களின் சிறை ஆகாதா? மாணவிகளே, அடுத்த பருவத்திலேயே இந்த நாடகத்தைப் பாடமாக வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.