பழைய லோரி முரண்டு பிடித்தால்...

தோட்டத்தில் பால் ஏற்றி, சம்பள நாளில் சிரம்பானுக்கு ஆள் ஏற்றிய பழைய பெட்ஃபோர்டு லோரி இன்னும் சில வீடுகளின் பின்புறம் நிற்கிறது. அதை மீண்டும் ஓட வைக்க நினைக்கும் இளைஞர்கள் பலர் முதலில் கார்புரேட்டரைத்தான் கழற்றுகிறார்கள். கடைசியாகத் தொட வேண்டியது அது. பழைய லோரிக்கு உதிரிபாகம் கிடைப்பது அரிது; நல்ல பாகத்தைக் கெடுத்துவிட்டால் வெள்ளியும் போகும், லோரியும் பழைய இரும்புக் கடைக்குப் போகும்.

இங்கே சொல்வது பெட்ரோல் எஞ்சினுக்கு. டீசல் எஞ்சினில் தீப்பொறி பிளக் கிடையாது.

ஸ்டார்ட்டர் சுற்றவில்லையா? முன்விளக்கைப் போட்டுக்கொண்டு முயன்று பாருங்கள். விளக்கு மங்கினால் பேட்டரி, அதன் முனைகள், எஞ்சினிலிருந்து சேசிஸுக்குப் போகும் எர்த் வயர் ஆகியவற்றைப் பாருங்கள். முனையில் பூத்திருக்கும் வெள்ளைப் பூச்சை வெந்நீரும் சமையல் சோடாவும் நீக்கிவிடும்.

சுற்றுகிறது, பிடிக்கவில்லையா? கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக் போடுங்கள். ஒரு பிளக் வயரைக் கழற்றி, அதில் வேறொரு பிளக்கை மாட்டி, அதன் உடலை எஞ்சின் இரும்பில் படும்படி வைத்துச் சுற்றச் சொல்லுங்கள். பெட்ரோல் கசிவு இருந்தால் இதைச் செய்யவே கூடாது. பொறி நீலமாகத் தெறித்தால் காயில் பக்கம் பெரும்பாலும் சரி. மஞ்சளாகத் தளர்ந்தாலோ, பொறியே இல்லாவிட்டாலோ டிஸ்டிரிபியூட்டரைத் திறங்கள். நம் ஊர் ஈரத்தில் மூடியின் உட்புறம் வியர்த்திருக்கும். உலர்ந்த துணியால் துடையுங்கள். முடி போன்ற விரிசல் இருந்தால் மூடியை மாற்றுங்கள். புதிதாகப் போட்ட பாயிண்ட் சீக்கிரமே கருகினால் கண்டென்சரைச் சந்தேகியுங்கள்.

பொறி நன்றாக இருந்தால், சுற்றிப் பார்த்த கையோடு எஞ்சினில் இருக்கும் பிளக்கைக் கழற்றுங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை: டாங்கித் துரு, ஃபில்டர், பம்ப் என்று வரிசையாகப் போங்கள். சிறிது தூரம் ஓடி நின்று, டாங்கி மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்றிழுத்துப் பிறகு ஓடினால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. செலவே இல்லாத பழுது!

ஓடும்போது மிஸ்ஸிங்கா? இரவில் எஞ்சினை ஓடவிட்டு பானட்டைத் திறந்து பாருங்கள். பழுதான வயர் இருட்டில் பொறி சிதறிக் காட்டிக்கொடுக்கும். பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு, சந்தேகமான சிலிண்டரின் பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றுங்கள். கோளாறும் கூடவே போனால் பிளக். போகாவிட்டால் வயர், மூடி, கம்ப்ரஷன். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் கம்ப்ரஷன் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைப் பாருங்கள். வயர்களைக் கழற்றும் முன் எண் எழுதி ஒட்டுங்கள். ஆறு சிலிண்டர் எஞ்சினில் பற்றும் வரிசை பெரும்பாலும் 1-5-3-6-2-4. ஆனாலும் கையேட்டைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

குளிர்ந்திருக்கும்போது ஓடி, புக்கிட் புத்துஸ் ஏற்றத்தில் சூடேறி நின்றால், அங்கேயே பொறியைச் சோதியுங்கள். பொறி இல்லையென்றால் காயில் அல்லது கண்டென்சர். இருந்தால் பெட்ரோல் குழாயில் ஆவி அடைத்திருக்கலாம். பம்பின் மேல் ஈரத்துணி போட்டுச் சற்றுப் பொறுங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை நோட்டில் குறியுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் லோரி ஓடினாலும் காரணம் தெரியாது. அடுத்த முறை நின்றால் மறுபடியும் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.