கூலிங் கிளாஸ் என்ற பெயரை மாற்றினால் என்ன?

கறுப்புக் கண்ணாடி என்றதும் தமிழ்நாட்டில் மூன்று பேர் ஞாபகத்திற்கு வருவார்கள். ஒருவர் எம்.ஜி.ஆர். இன்னொருவர் கலைஞர். மூன்றாமவர், கண் ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் கொடுத்த கண்ணாடியோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தா. இவர்களைத் தவிர வேறு யார் போட்டாலும் கிண்டல்தான். "என்ன மாப்ளே, மெட்ராஸ் ஐயா?" என்று ஒருவன் கேட்பான். "ஷூட்டிங் எப்போ?" என்று இன்னொருவன் கேட்பான்.

இந்தக் கிண்டலுக்குப் பயந்தே கண்ணாடி போடாமல் இருப்பவர்கள் நிறைய. கல்லூரி மாணவன் போடாவிட்டால் பெரிய நஷ்டம் இல்லை, மரத்தடியில் ஒதுங்கிக்கொள்ளலாம். ஆனால் ஒதுங்க மரமே இல்லாத இடத்தில் வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்களே? கடலில் மேலேயும் வெயில், கீழேயும் வெயில். இந்தக் கண்ணாடி யாருக்கு மிகவும் தேவையோ, அந்த மீனவர்தான் அதை வாங்குவதே இல்லை. தூண்டில் வளைவுக் கற்களில் உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிக்கும் பொழுதுபோக்கு ஆசாமிகள் வாங்குகிறார்கள். ஆனால் அவர்களிலும் பலர் தப்பான கண்ணாடியை வாங்குகிறார்கள்.

இதற்கெல்லாம் ஒரு காரணம் அந்தப் பெயர்தான். கூலிங் கிளாஸ்! கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பர்மா பஜாரிலோ, கன்னியாகுமரி கடற்கரையிலோ வாங்குகிறவர் என்ன செய்கிறார்? எடுத்துப் போட்டுப் பார்க்கிறார். நன்றாக இருட்டாகத் தெரிந்தால் நல்ல கண்ணாடி. கடைக்காரரும் "செம டார்க் சார்" என்றுதான் விற்கிறார்.

மூன்று வேலை, ஒரே கண்ணாடி இல்லை

உண்மையில் ஒரு வெயில் கண்ணாடியில் மூன்று தனித்தனி சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று இருந்தால் மற்றொன்று இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை.

1. நிறம். இது வெளிச்சத்தைக் குறைக்கும். வேறொன்றும் செய்யாது.

2. புற ஊதாக்கதிர்த் தடுப்பு. கடையில் யூவி 400 என்று எழுதியிருப்பது இதைத்தான். 400 நானோமீட்டர் அலைநீளம் வரை உள்ள கதிர்களைத் தடுக்கும் என்று அர்த்தம். இந்தக் கதிர் கண்ணுக்குத் தெரியாது. அதனால் தடுக்கிறதா இல்லையா என்பதையும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நிறமே இல்லாத வெள்ளைக் கண்ணாடிகூட இதை முழுசாகத் தடுக்கலாம். கன்னங்கரேல் என்று இருக்கும் கண்ணாடி தடுக்காமலும் போகலாம்.

3. போலரைஸ்டு. இது தண்ணீரிலிருந்தும் தார் ரோட்டிலிருந்தும் தெறிக்கும் கூசலை வெட்டும். புற ஊதாக்கதிருக்கும் இதற்கும் நேரடி சம்பந்தம் இல்லை.

இதில் ஆபத்தான கூட்டணி எது தெரியுமா? நிறம் மட்டும் இருந்து, யூவி தடுப்பு இல்லாத கண்ணாடி. இருட்டானதும் கண்ணின் பாப்பா விரியும். விரிந்த வாசல் வழியாகக் கண்ணுக்குத் தெரியாத கதிர் இன்னும் தாராளமாக உள்ளே போகும். வெறும் கண்ணாக இருந்தாலாவது கூசும், இமையை இடுக்கிக்கொள்வோம். இங்கே கூசவும் கூசாது. பூட்டு தொங்குகிறது என்று நம்பி, கதவைச் சாத்தாமல் தூங்குவது மாதிரிதான்.

அதற்காக மலிவானதெல்லாம் மோசம் என்று சொல்லிவிடவும் முடியாது. பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்குக்கு இயல்பாகவே புற ஊதாக்கதிரைப் பெருமளவு தடுக்கும் குணம் உண்டு. குறைந்த விலையிலும் நல்லது கிடைக்கும். விலையை வைத்தோ நிறத்தை வைத்தோ முடிவு செய்யக்கூடாது என்பதே விஷயம்.

தண்ணீருக்குள் பார்ப்பது எப்படி?

1808-இல் பாரிஸில் மாலுஸ் என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு படிகத்தின் வழியாக லக்ஸம்பர்க் அரண்மனை ஜன்னல்களைப் பார்த்தார். ஜன்னலில் மாலை வெயில் பட்டுத் தெறித்துக்கொண்டிருந்தது. படிகத்தைத் திருப்பத் திருப்ப அந்த வெளிச்சம் கூடிக் குறைந்தது. பட்டுத் தெறிக்கும் ஒளி சாதாரண ஒளி மாதிரி எல்லாப் பக்கமும் அதிராமல், பெரும்பாலும் ஒரே பக்கமாக அதிர்கிறது என்பது இப்படித்தான் தெரியவந்தது.

தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் ஒளி பெரும்பாலும் கிடைமட்டமாக அதிரும். போலரைஸ்டு கண்ணாடியில் செங்குத்தாக அதிரும் ஒளியை மட்டும் விடும் ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. கிடைமட்டமாக வந்தது வெளியே நிற்கும். மேற்பரப்பின் பளபளப்பு விலகியதும் அடியில் இருக்கும் பாறை, பாசி, மீனின் முதுகு எல்லாம் தெரிய ஆரம்பிக்கும். முன்பு இருந்ததுதான் எல்லாம். வெள்ளித் திரை மறைத்துக்கொண்டிருந்தது.

இந்தப் படலத்தை முதலில் மலிவாகச் செய்ய வழி கண்டவர் அமெரிக்கரான எட்வின் லேண்ட். 1929-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இரவில் எதிரே வரும் காரின் ஹெட்லைட் கூசாமல் இருக்க வேண்டும் என்பதே அவருடைய கனவு. கார்க் கம்பெனிகள் கடைசிவரை வாங்கவில்லை. ஆனால் வெயில் கண்ணாடியில் அது பிழைத்துக்கொண்டது. எந்தச் சரக்கு எந்தச் சந்தையில் போகும் என்று யாருக்குத் தெரியும்!

இதற்கும் எல்லை உண்டு. நீர்ப்பரப்பிலிருந்து சுமார் 37 டிகிரி சரிவில் பார்க்கும்போது இது மிக நன்றாக வேலை செய்யும். படகின் ஓரத்தில் நின்று நேர் கீழே குனிந்து பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. தண்ணீரே கலங்கலாக இருந்தால் எந்தக் கண்ணாடியாலும் பிரயோஜனம் இல்லை. மீனைக் காட்டும் மந்திரக் கண்ணாடி என்று விற்றால் நம்ப வேண்டாம்.

மீனை விடுங்கள், கண்ணைப் பாருங்கள்

கடற்கரை ஊர்களில் பெரியவர்கள் பலரின் கண்ணில் மூக்குப் பக்கமிருந்து கருவிழியை நோக்கி ஒரு சதை வளர்ந்திருப்பதைப் பார்க்கலாம். டாக்டர்கள் டெரிஜியம் என்பார்கள். அலைச்சறுக்கு விளையாடுகிறவர்களுக்கும் வருவதால் வெளிநாடுகளில் அவர்கள் பெயரையே இந்த நோய்க்கு வைத்துவிட்டார்கள். வெயில், காற்று, தூசி மூன்றும் சேர்ந்த வேலை. ஏன் மூக்குப் பக்கம்? நெற்றிப் பொட்டுப் பக்கமிருந்து சாய்வாக வரும் கதிரைக் கருவிழி ஒரு லென்ஸ் போல வளைத்து எதிர்ப் பக்கத்தில் குவிக்கிறது என்று ஒரு விளக்கம் உண்டு. அப்படியானால் முன்பக்கம் மட்டும் மறைக்கும் சின்னக் கண்ணாடி போதாது, பக்கவாட்டையும் மூட வேண்டும் என்று ஆகிறது.

அடுத்தது கண்புரை. அமெரிக்காவின் மேரிலாந்தில் செசபீக் விரிகுடா என்று ஒன்று இருக்கிறது. அங்கே நண்டும் சிப்பியும் பிடித்துப் பிழைக்கும் 838 பேரை ஆராய்ந்து 1988-இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். வாழ்நாளில் கண் வாங்கிய புற ஊதாக்கதிர் இரண்டு மடங்கானால், புரையில் ஒரு வகை வரும் அபாயம் 1.6 மடங்காகிறது என்பதே அது. புரை எல்லாமே வெயிலால் வருவதில்லை. வயது, சர்க்கரை என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் தொப்பியும் கண்ணாடியும் போட்டால் குறைக்கக்கூடிய ஒன்றை ஏன் விட வேண்டும்?

அங்கே வெயில் எவ்வளவு, இங்கே எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி காய்ந்த கடற்கரை மணல் சுமார் 15 சதவீதமும், கடல் நுரை சுமார் 25 சதவீதமும் புற ஊதாக்கதிரைத் திருப்பி அனுப்புகின்றன. எனவே இது படகில் போகிறவர் பிரச்சினை மட்டும் இல்லை. மணலில் உட்கார்ந்து வலை சரி செய்கிறவர், கருவாடு காயவைக்கும் பெண்கள், கரைவலை இழுக்கிறவர்கள் எல்லாரும் இந்தக் கணக்கில் வருவார்கள். கருவாடு காயவைக்கும் அம்மாவை கூலிங் கிளாஸோடு யாராவது கற்பனையாவது செய்திருப்போமா? அங்கேதான் அந்தப் பெயர் செய்த அநியாயம் புரியும்.

சரி, எதை வாங்குவது?

* முதலில் யூவி 400. இதில் சமரசமே கூடாது. ஸ்டிக்கரை மட்டும் நம்ப வேண்டாம். பல ஆப்டிகல் கடைகளில் இதைச் சோதிக்கும் கருவி உண்டு, வைத்துப் பார்க்கச் சொல்லலாம்.

* இரண்டாவது போலரைஸ்டு. தண்ணீர்ப் பக்கம் வேலை இருந்தால் இதற்குத் தனியாகக் காசு கொடுக்கலாம். சோதனை சுலபம். ஒரு எல்சிடி திரைக்கு முன்னால் கண்ணாடியைப் பிடித்து மெதுவாகத் திருப்பினால் ஏதோ ஒரு கோணத்தில் திரை இருண்டுபோகும். போலி என்றால் எப்படித் திருப்பினாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

* நிறம். திறந்த கடலுக்குச் சாம்பல். ஆறு, ஏரி, கரையோர ஆழமில்லாத தண்ணீருக்குச் செம்பு அல்லது பழுப்பு. விடியலிலும் மேக மூட்டத்திலும் மங்கலான மஞ்சள். மிகமிகக் கறுப்பானதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக்கூடாது.

* பொருள். பாலிகார்பனேட் சுலபத்தில் உடையாது. தூண்டில் வீசும்போது முள்ளோ ஈயக் குண்டோ திரும்பி வந்து கண்ணில் அடிக்கலாம். அப்போது போட்டிருப்பது உடையும் கண்ணாடியாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

* வடிவம். முகத்தோடு வளைந்து பக்கவாட்டை மூட வேண்டும். பின்னால் ஒரு கயிறு. கடலில் விழுந்தது திரும்பி வராது.

* பவர் கண்ணாடி போடுகிறவர்களுக்கு அதன் மேல் மாட்டும் போலரைஸ்டு வகைகள் உண்டு.

* பராமரிப்பு. உப்பு காய்ந்திருக்கும்போது லுங்கியால் துடைக்கக் கூடாது, கீறல் விழும். நல்ல தண்ணீரில் அலசிவிட்டுத் துடைக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. படகில் ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர் திரைகள் இருக்கும். போலரைஸ்டு கண்ணாடி வழியாகச் சில திரைகள் சில கோணங்களில் மங்கிவிடும். தலையைச் சாய்த்தால் தெரியும். இது தெரியாமல் மெஷின் போய்விட்டது என்று பதறக் கூடாது.

பிராண்டு? கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்...

"இதெல்லாம் காசு இருக்கிறவன் சமாச்சாரம்" என்பார்கள். ஒரு கண்ணாடி 800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வருடம் வரும், வருடத்துக்கு 200 நாள் வேலை என்றால் 400 நாள். ஒரு நாளைக்கு இரண்டு ரூபாய். ஒரு டீக்குக்கூடக் காணாது. ஆனால் 800 ரூபாயை மொத்தமாக எடுத்து வைப்பதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டம் நிஜமானது, அதைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

இங்கேதான் அரசாங்கம் வர வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் பார்வைக் குறைபாட்டுக்கான கண்ணாடிக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. நல்ல விஷயம். ஆனால் பவர் இல்லாத வெயில் கண்ணாடிக்கு 18 சதவீதம். ஆயிரம் ரூபாய்க் கண்ணாடிக்கு 50 ரூபாய் வரி எங்கே, 180 ரூபாய் எங்கே! கெட்டுப்போன கண்ணுக்கு உதவும் பொருளுக்குச் சலுகை உண்டு, கெடாமல் காக்கும் பொருள் இன்னும் ஃபேஷன் கணக்கில்தான் இருக்கிறது. வரிச் சட்டத்துக்கும் அது கூலிங் கிளாஸ்தான் போலிருக்கிறது!

வரியைக் குறைப்பது டெல்லியில் முடிவாக வேண்டிய விஷயம். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. கிழக்குக் கடற்கரையில் வருடாவருடம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். படகுகள் கரையில் நிற்கும், மீன்வளத் துறை அதிகாரிகள் வந்து ஆய்வு செய்வார்கள். அந்த நாட்களிலேயே துறைமுகத்தில் ஒரு கண் முகாம் நடத்தி, கண்ணைப் பரிசோதித்து, ஆளுக்கு ஒரு யூவி 400 கண்ணாடி கொடுத்தால் என்ன? லைஃப் ஜாக்கெட்டைப் பாதுகாப்புச் சாதனம் என்று எண்ணுகிற மாதிரி இதையும் எண்ண வேண்டும். கரையில் வேலை செய்யும் பெண்களையும் அந்த வரிசையில் நிறுத்த வேண்டும்.

புரை முற்றி ஆபரேஷன் முடிந்த பிறகு ஆஸ்பத்திரியில் ஒரு கறுப்புக் கண்ணாடி இலவசமாகவே கொடுக்கிறார்கள். அதையே முப்பது வருடம் முன்னால் கொடுத்திருந்தால் அந்த ஆபரேஷன் சிலருக்கு இன்னும் தள்ளிப்போயிருக்கும்.

ஹெல்மெட்டைத் தொப்பி என்று யாரும் சொல்வதில்லை. தலைக்கவசம் என்கிறோம். அதே மாதிரி இதையும் கண் கவசம் என்று சொல்லிப் பழகலாம். "என்ன மாப்ளே, ஷூட்டிங்கா?" என்று கேட்க வாய் வராது.