சோற்றைக் குறைத்தால் மட்டும் போதுமா?

எடையைக் குறைக்க முடிவெடுத்தவர் முதலில் கைவைப்பது சோற்றில்தான். இரவில் சோற்றுக்குப் பதில் சப்பாத்தி, காலையில் இட்லிக்குப் பதில் ஓட்ஸ், வார இறுதியில் தினைப் பொங்கல். பேலியோ அணியினரோ அரிசி, கோதுமை இரண்டையும் ஒதுக்கிவிட்டு முட்டை, பாதாம், பன்னீர் என்று இறங்குகிறார்கள். எண்ணெயைக் கண்டாலே அஞ்சுவோர் மூன்றாவது அணி. மாவுச்சத்து, புரதம், கொழுப்பு மூன்றும் எந்த விகிதத்தில் இருந்தால் உடம்பு இளைக்கும் என்பதுதான் எல்லோருக்குமான கேள்வி.

இந்தக் கேள்வியை ஆய்வாளர்கள் நேரடியாகவே சோதித்திருக்கிறார்கள். 2009-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 811 பேருக்கு நான்கு வகை உணவுத் திட்டங்கள் தரப்பட்டன. மாவுச்சத்தின் பங்கு ஒன்றில் 35 சதவீதம், இன்னொன்றில் 65 சதவீதம். இரண்டு ஆண்டு முடிவில் நான்கு குழுக்களும் குறைத்த எடை ஏறக்குறைய ஒன்றுதான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 609 பேரை ஓராண்டு கவனித்து 2018-இல் வெளியிட்ட ஆய்வும் அதையே சொன்னது. கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோ இளைத்தார்கள்; மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ. இந்த ஆய்வில் இரு குழுவுக்கும் சொல்லப்பட்ட பொது அறிவுரை முக்கியமானது: சர்க்கரையையும் மைதாவையும் விடுங்கள், காய்கறியைக் கூட்டுங்கள், முடிந்தவரை வீட்டில் சமைத்துச் சாப்பிடுங்கள்.

ஆக, எடையைத் தீர்மானிப்பது மொத்தக் கலோரி. விடாமல் பின்பற்ற முடிகிற திட்டமே பலன் தரும் திட்டம்.

அதற்காக விகிதமே வேண்டாம் என்று விட்டுவிட முடியாது; சர்க்கரை நோய் அபாயத்தில் அதற்குப் பங்கு உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையில் டாக்டர் வி. மோகனின் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நாடு முழுக்க 1,21,077 பேரிடம் எடுத்த உணவுக் கணக்கு 2025-இல் வெளியானது. இந்தியர் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. புரதத்தின் பங்கு 12 சதவீதம்தான். அரிசியை நிறுத்திவிட்டு அதே அளவுக்குக் கோதுமையோ சிறுதானியமோ உண்டால் சர்க்கரை நோய் அபாயம் குறைவதாகத் தெரியவில்லை என்பது அந்த ஆய்வின் முக்கியமான முடிவு. மொத்தக் கலோரியில் 5 சதவீதத்தை மாவுச்சத்திலிருந்து பருப்பு, பயறு, பால், தயிர் ஆகியவற்றின் புரதத்துக்கு மாற்றியிருந்தால் அபாயம் குறைவாக இருந்தது. அளவு குறையாமல் தானியத்தை மட்டும் மாற்றும் சப்பாத்தி வைத்தியத்துக்கு இது நேரடியான பதில்.

இளைக்க நினைப்பவருக்குப் புரதம் இன்னும் பல வகையில் உதவுகிறது. பசி சீக்கிரம் திரும்பாது. உண்ட புரதத்தின் கலோரியில் 20 முதல் 30 சதவீதம் அதைச் செரிப்பதிலேயே செலவாகிவிடும். மாவுச்சத்தில் இது 5 முதல் 10 சதவீதம்தான். எடை இறங்கும்போது கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையும். போதிய புரதமும் எடை தூக்கும் பயிற்சியும் அந்த இழப்பைக் குறைக்கும்.

கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்தியர்களுக்கான பரிந்துரை. 60 கிலோ உடையவருக்கு நாளொன்றுக்கு 50 கிராம். நான்கு இட்லியில் கிடைப்பது ஏறத்தாழ 8 கிராம். தண்ணீராக ஓடும் சாம்பாரில் பருப்பைத் தேடத்தான் வேண்டும். இரண்டு இட்லியைக் குறைத்து இரண்டு முட்டை சேர்த்தால் 8 கிராம் கூடுகிறது. மாலையில் மிக்சருக்குப் பதில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் சாப்பிட்டால் 10 கிராம். மதியம் சோற்றை ஒரு கரண்டி குறைத்து, கெட்டிப் பருப்போ மீனோ பொரியலோ ஒரு கரண்டி கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். சோற்றை அடியோடு விலக்கத் தேவையில்லை.

கொழுப்பில் கவனம் வேண்டியது அளவில்தான். மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி தர, கொழுப்பு 9 கலோரி தருகிறது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி, அதாவது இரண்டு இட்லிக்குச் சமம். தோசைக்கல்லில் கணக்கில்லாமல் ஊற்றும் எண்ணெயும், நல்லது என்று கொறித்துக்கொண்டே இருக்கும் பாதாமும் இளைப்பதைத் தடுத்துவிடும். அதே சமயம் உடம்புக்குக் கொழுப்பு தேவை. அதை முற்றாக ஒழிப்பதும் தவறு.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மாவுச்சத்தைத் திடீரென்று வெட்டினால் ரத்தச் சர்க்கரை ஆபத்தாகத் தாழ்ந்துவிடலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தாமாகப் புரதத்தைக் கூட்டக் கூடாது. இந்த இரு தரப்பினரும் மருத்துவரைக் கேட்டபிறகே தட்டை மாற்ற வேண்டும். மற்றவர்கள் நாளைக் காலை உணவிலிருந்தே தொடங்கலாம்.