ஆட்டிசம்: யாரைக் கேட்டு விளம்பரம்?

ஏப்ரல் 2, உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாள். ஊர்வலம் நடக்கும், கட்டடங்கள் நீல விளக்கில் ஒளிரும், சுவரொட்டிகள் ஒட்டப்படும். அவற்றில் என்ன எழுதலாம் என்று ஆட்டிசம் உள்ள ஒருவரையாவது கேட்டார்களா?

கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதை நியூயார்க் 2007 டிசம்பரில் கண்டது. அங்குள்ள பல்கலைக்கழகக் குழந்தைகள் ஆய்வு மையம், ஆட்டிசமே கடத்தல்காரனாகிப் பெற்றோருக்கு மிரட்டல் கடிதம் எழுதுவதுபோல விளம்பரம் வைத்தது. சிகிச்சை கிடைக்காத பிள்ளைகள் மீது கவனத்தைத் திருப்புவதே நோக்கம் என்றது மையம். ஆட்டிசம் உள்ள இளைஞர் ஆரி நீமன் இணைந்து நிறுவிய தன்னுரிமை அமைப்பு எதிர்ப்பைத் திரட்டியது. பல மாற்றுத்திறனாளி அமைப்புகள் துணை நின்றன. டிசம்பர் 19-இல் மையம் பின்வாங்கியது. அதற்கு முந்தைய நாள்தான் ஐ.நா. பொதுச்சபை ஏப்ரல் 2-ஐ விழிப்புணர்வு நாளாக அறிவித்திருந்தது.

அந்தப் பாடமும் நிலைக்கவில்லை. குடும்பங்களைக் குலைக்கும் எதிரியாக ஆட்டிசத்தைக் காட்டும் குறும்படத்தை 2009-இல் 'ஆட்டிசம் ஸ்பீக்ஸ்' என்னும் அமெரிக்க அமைப்பு வெளியிட்டு, கண்டனத்துக்குப் பின் அகற்றியது. அதன் இயக்குநர் குழுவில் ஆட்டிசம் உள்ளவர்கள் முதன்முதலாக இடம்பெற்றதே 2015-இல்தான்.

அமெரிக்கச் சண்டை நமக்கெதற்கு என்று தள்ள முடியாது. கர்நாடகத்தின் ஹனூரிலிருந்து கொள்ளேகால் வழியாக மைசூரின் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும் குடும்பத்துக்கு அலைச்சலும் செலவும் ஏற்கெனவே உண்டு. அதன்மேல் 'பிள்ளை பறிபோய்விட்டான்' என்ற பயத்தையும் ஏற்றினால், குணமாக்குகிறேன் என்று சொல்பவரிடமெல்லாம் அக்குடும்பம் பணத்தைக் கொட்டும். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை பரிந்துரைக்கத்தக்கதல்ல என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் சொல்ல வேண்டி வந்தது சும்மா அல்ல. அச்சத்தை விதைப்பவர் நல்லவராக இருக்கலாம். அறுவடை செய்பவர் வேறு ஆள்.

சட்டம் என்ன சொல்கிறது? மாற்றுத்திறனாளிகளைப் பாதிக்கும் முடிவுகளில் அவர்களைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்னும் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007-இல் ஏற்றது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தை 21 குறைபாடுகளுள் ஒன்றாகச் சேர்த்தது. ஆனால் விழிப்புணர்வு இயக்கங்களைப் பற்றிய அதன் 39-ஆவது பிரிவு, மாற்றுத்திறனாளிகள் ஆணையரைக் கலந்தாலோசித்தால் போதும் என்று நின்றுவிடுகிறது. திரையில் மாற்றுத்திறனாளிகளைக் காட்டுவது குறித்து 2024 ஜூலை 8-இல் நெறிமுறைகள் வகுத்த உச்ச நீதிமன்றம், அவர்களைப் பங்கேற்கச் செய்வதை வலியுறுத்தியது. அரசின் சுவரொட்டிக்கும் அதே அளவுகோல்தானே பொருந்தும்?

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. 'நன்றாகப் பேசத் தெரிந்தவர் போராடுகிறார். வாய் பேசாத, நாள் முழுக்கத் துணை தேவைப்படும் என் மகளுக்காக யார் பேசுவது?' என்று பெற்றோர் கேட்கிறார்கள். பெற்றோர் பேசத்தான் வேண்டும். தங்கள் களைப்பு, செலவு, 'எங்களுக்குப் பிறகு யார்' என்ற கவலை எல்லாவற்றையும் உரக்கச் சொல்லட்டும்; அரசு கேட்கட்டும். ஆனால் அந்தக் கவலையைச் சொல்ல மகளையே பேரிடராகக் காட்ட வேண்டியதில்லை. வாய் பேசாதவர்களுக்கும் படப் பலகை, சைகை, கருவி வழியே விருப்பு வெறுப்பைச் சொல்ல வழி உண்டு. எல்லார் சார்பிலும் ஒருவர் பேச முடியாது என்பது பலரை அழைப்பதற்கான காரணம்; எவரையும் அழைக்காமலிருக்க அல்ல.

கர்நாடகமும் தமிழ்நாடும் 2016 சட்டத்தின் கீழ் வகுத்த தங்கள் விதிகளைத் திருத்த வேண்டும். பொதுப் பணத்தில் நடக்கும் ஆட்டிசம் விளம்பரம் எதுவும், ஆட்டிசம் உள்ள பெரியவர்களும் பெற்றோரும் இருக்கும் குழு பார்த்து ஒப்பாமல் வெளியாகக் கூடாது. குழுவினருக்கு ஊதியம் தர வேண்டும். 'வேண்டாம்' என்று நிராகரிக்கும் அதிகாரமும் தர வேண்டும். அச்சிட்ட பிறகு மன்னிப்புக் கேட்பதைவிட, எழுதும் முன் கேட்பது எளிது.