ஒன்றே ஒன்று!

அப்பா விடுதிச் செலவுக்கு அனுப்பும் பணம் புகையாகிப் போவது உறுத்தவே, சிகரெட்டை விட மூன்று முறை சபதம் செய்தேன். மூன்று முறையும் தோற்றேன். என்னை வீழ்த்தியது பெட்டிக்கடையன்று, "ஒன்றே ஒன்றுதானே, மாப்பிள்ளே!" என நீண்ட நட்புக்கரம்! கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் சிகரெட் விற்பதை 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. நண்பனின் சட்டைப்பையைத் தடுக்கச் சட்டமேது?

நிகோடின் ஏக்கம் முதல் சில நாட்களில்தான் கடுமை; ஒவ்வொரு முறை எழும்போதும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். நான்காம் முறை அறைத்தோழனிடம், "நான் கெஞ்சினாலும் கொடுக்காதே!" என்றேன். அவன் கொடுக்கவில்லை, ஏக்கம் எழும்போதெல்லாம் மைதானத்தைச் சுற்றி நடக்கவைத்தான். பத்து மாதங்களாகிவிட்டன.

மனவுறுதி வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அதற்கும் ஒரு துணை வேண்டும். நண்பர்களே, விட முயல்பவனிடம் அந்த 'ஒன்றே ஒன்றை' நீட்டாதீர்கள். அதுவே உண்மையான நட்பு!