கருவுற்றாரும் எக்ஸ் கதிரும்

கருவுற்ற பெண்ணொருத்தியை எக்ஸ் கதிர்ப் படம் பிடிக்க நேரின் அஞ்சவேண்டுவது எவ்வளவு? ஒரு சாரார் ஒன்றும் ஆகாதென்பர். மறுசாரார் கருவைக் கலைத்துவிடல் வேண்டுமென்பர். இரண்டும் பிழையென்பதே நமது துணிபு.

முந்திய விடையின் ஆபத்தை உலகுக்கு உணர்த்தியவர் ஒக்ஸ்போட்டிற் பணிபுரிந்த அலிஸ் ஸ்ரூவேட் அம்மையார். அக்கால இங்கிலாந்தில், இடுப்பெலும்பின் அகலத்தையும் சிசுவின் கிடையையும் அறியும்பொருட்டுக் கருவுற்றார் வயிற்றைப் படம் பிடித்தல் புதுமையன்று. புற்றுநோயால் மாண்ட சிறாரின் தாய்மாரிடமும், நலமே வாழுஞ் சிறாரின் தாய்மாரிடமும் அம்மையார் ஒரேவகை வினாக்களைக் கேட்பித்தார். அவ்வாறு படம் பிடிக்கப்பெற்ற தாய்மாரின் மக்களிடையே இந்நோய் ஏறத்தாழ இருமடங்கெனக் கண்டு, 1956இலும் 1958இலும் வெளியிட்டார். மகவை இழந்தாளின் ஞாபகத்தை நம்பலாமோ என ஐயுற்றார் பலர். 1962இல் அமெரிக்காவிற் பணிபுரிந்த பிறையன் மக்மாகன், ஞாபகத்தை விடுத்து வைத்தியசாலைப் பதிவேடுகளையே ஆராய்ந்தார். அங்கும் மிகுதி 40 வீதமளவிற்று. அம்மையார் கூற்றுப் பொய்க்கவில்லை.

ஆயினும் இருமடங்கென்னுஞ் சொல் மருட்டுவது. சிறுபிராயப் புற்றுநோய் ஏறத்தாழ 500 பிள்ளைகளுள் ஒருவரையே பற்றுவது. இரட்டித்தாலும் எஞ்சிய 498 பேருக்கு அந்நோயில்லை. படமெல்லாம் ஒருதன்மையனவும் அல்ல. நெஞ்சுப் படத்தாற் கருவைச் சேருங் கதிர் 0.01 மில்லிகிறேயினுங் குறைவு, இடுப்பைச் சீ.ரீ. ஸ்கான் செய்யின் 25 மில்லிகிறே அளவிலுஞ் சேரலாம். 100 மில்லிகிறேக்கு உட்பட்ட கதிர் கருவைக் கலைத்தற்குத் தக்க காரணமன்றெனச் சர்வதேசக் கதிரியற் பாதுகாப்பு ஆணைக்குழு 2000ஆம் ஆண்டிற் கூறிற்று.

அளவறியா அச்சம் யாது செய்யுமென்பதற்குக் கிரேக்க நாடு சான்று. 1986இற் செர்னோபில் அணுவுலை வெடித்தபோது, தொலைவிலிருந்த அந்நாட்டார் பெற்ற கதிர் சிறிதே. எனினும், விரும்பிச் சுமந்த கருக்களுள் ஏறத்தாழ 2,500 கலைக்கப்பட்டன என அந்நாட்டு ஆய்வாளர் மதிப்பிட்டனர். கலைத்தலே தக்கதென மகப்பேற்று வைத்தியர் பலரும் முதலில் எண்ணினராம்! பாமரரை நோவானேன்?

இடுப்பளவுக்கும் சிசுவின் கிடைக்கும் எடுத்த பழைய படங்களை மீயொலிக் கருவி பெரிதும் ஒழித்தது. ஆனால் விபத்திலடிபட்டவளுக்கும், நுரையீரலிற் குருதி உறைந்தவளுக்கும் கதிர்ப் படம் இன்றியமையாதது. தாய் இறப்பிற் சேயும் இல்லை. அப்படத்தை மறுத்தலை நாம் ஒப்போம். நாம் வேண்டுவது வேறு. இம்மலரை விரிக்கும் பழைய மாணவருள் வைத்தியர் பலர். படம் பிடிக்குமுன் கருவுற்றனையோ என அவளைக் கேட்க அரை நிமிடம் போதும். அறியாது பிடித்துவிட்டால், கருவைச் சேர்ந்த கதிரின் அளவைக் கணித்து, அவள் கையில் எழுதிக் கொடுங்கள்.